அழகுராணி யார் என்பது எந்த அறையில் முடிவாகிறது?

கோப்பாயிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். மகளுக்கு 22 வயது, கொழும்பில் நடக்கும் ஒரு தேசிய அழகுராணிப் போட்டிக்குப் போட்டோ அனுப்பி முதல் தெரிவில் வந்துவிட்டாள், இப்போது பங்குபற்றும் கட்டணத்தைக் கட்டிவிட்டு நேரில் வரச் சொல்கிறார்கள். சொந்தக்காரரோ "அதெல்லாம் முதலே முடிவு செய்த விடயம், காசு உள்ளவளுக்குத்தான் கிரீடம்" என்கிறார்களாம். உண்மையில் வெற்றியாளரை எப்படித் தெரிவு செய்கிறார்கள், பிள்ளையை அனுப்பலாமா என்பதுதான் கேள்வி.

அனுப்பலாம் அக்கா. ஆனால் எங்கே அனுப்புகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். கொழும்பில் கணக்காய்வு வேலையில் இருந்த காலத்தில் இப்படியான போட்டிகளில் புள்ளி கூட்டும் மேசையில் இருந்திருக்கிறேன், இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு போட்டிக்குப் போகும் பிள்ளைகளை நேர்முகத்துக்குத் தயார்படுத்தி விடுகிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்ததில் எனக்கு விளங்கியது இதுதான்: முடிசூட்டும் இரவில், மேடையில், சனம் கைதட்டும்போது தீர்மானமாவது கொஞ்சம். பெரும்பங்கு அதற்கு முந்திய நாட்களில் கதவு மூடிய ஓர் அறையில் முடிந்துவிடும். ரீவியில் பார்க்கிறவருக்கு அந்த அறை தெரியாது, அதனால்தான் "அந்தப் பிள்ளை எவ்வளவு வடிவு, அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை" என்ற சந்தேகம் வருகிறது.

முதலில் போட்டியை அடையாளம் காணுங்கள். "மிஸ் ஸ்ரீ லங்கா" என்று அரசாங்கம் நடத்துகிற ஒரே போட்டி கிடையாது. மிஸ் வேர்ல்ட், மிஸ் யூனிவர்ஸ், மிஸ் இன்டர்நேஷனல், மிஸ் ஏர்த், திருமணமானவர்களுக்கான மிஸிஸ் வேர்ல்ட் என்று உலகப் போட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆட்களின் சொத்து. மிஸ் வேர்ல்டை 1951இல் லண்டனில் எரிக் மோர்லி தொடங்கினார், அவருக்குப் பிறகு மனைவி ஜூலியா மோர்லி நடத்துகிறார். மிஸ் யூனிவர்ஸ் 1952இல் கலிபோர்னியாவில் தொடங்கிப் பல கை மாறி 2022இல் ஒரு தாய்லாந்துக் கம்பனியிடம் போனது. இவர்கள் நாட்டுக்கு ஒருவருக்கு உரிமம் கொடுப்பார்கள், அந்த உரிமத்தை எடுத்தவர்தான் தேசிய இயக்குநர். உரிமத்துக்குக் காசு கட்டுவதும், அனுசரணையாளரைப் பிடிப்பதும், ஹோட்டல், மேடை, ஒளிபரப்பு எல்லாவற்றையும் பார்ப்பதும் அவர்தான், நடுவர்களை அழைப்பதும் அவர்தான். ஆகவே புள்ளித் திட்டம் போட்டிக்குப் போட்டி வேறு, உரிமம் கைமாறினால் அதே போட்டியிலேயே வருடத்துக்கு வருடம் வேறு. உங்கள் மகள் வென்றால் எந்த உலகப் போட்டிக்குப் போவாள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம்.

படிகள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விண்ணப்பம், நேரில் தெரிவு, தெரிவானவர்களுக்குச் சில வாரப் பயிற்சி, பிறகு நடுவர்கள் முன்னால் முன்சுற்று, கடைசியில் மேடை. இதில் நேர்முகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் தோற்பது இங்கேதான்.

ஒரு மேசைக்குப் பின்னால் ஐந்தாறு நடுவர்கள் இருப்பார்கள், ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான். பிள்ளை வந்து இருந்ததும் அவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது முகத்தை இல்லை, கையில் இருக்கிற தாளை. விண்ணப்பத்தில் அவள் தன் கைப்பட நிரப்பினதன் பிரதி அது. "பொழுதுபோக்கு: வாசிப்பு" என்று எழுதியிருந்தால் கடைசியாக வாசித்தது என்ன என்று கேட்பார்கள். "சமூக சேவை" என்று எழுதியிருந்தால் எந்த ஊரில், யாரோடு, எவ்வளவு காலம் என்று கேட்பார்கள். பல பிள்ளைகள் படிவத்தைப் பார்லரில் இருந்துகொண்டு யாரோ சொல்லச் சொல்ல நிரப்புகிறார்கள், ஒரு மாதம் போனபின் தாங்கள் என்ன எழுதினோம் என்பதே ஞாபகம் இருக்காது, அந்த மேசைக்கு முன்னால் முழிப்பார்கள். ஒரு நடுவர் அதைக் கண்டுகொண்டால் போதும், பக்கத்தில் இருப்பவரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

அடுத்தது எங்களுக்கே உரிய பிரச்சினை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சு வராது என்று யாரும் சொல்ல முடியாது, பள்ளிக்கூடத் தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் சின்ன வயதிலிருந்தே மேடை ஏறினவர்கள். ஆனால் அந்தப் பழக்கம் அப்படியே நேர்முகத்துக்கும் வந்துவிடுகிறது. "பெண்கள் நாட்டின் கண்கள்" என்று தொடங்கி மூச்சு விடாமல் பாடமாக்கினதை ஒப்புவிப்பார்கள். நடுவர் இடையில் மறித்து "சரி, உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்டால் சங்கிலி அறுந்துவிடும். அந்த அறையில் தேடுவது பேச்சாளரை இல்லை. நாளைக்கு ஒரு வெளிநாட்டில், முன்பின் தெரியாத பத்திரிகையாளர் முன்னால் பதறாமல் கதைக்கக்கூடிய ஒருத்தியைத் தேடுகிறார்கள், ஏனென்றால் வென்ற பிறகு ஒரு வருடம் அவள் செய்யப்போகிற வேலையே அதுதான். மகளோடு சாப்பாட்டு மேசையில் இருந்து அன்றைய பத்திரிகைச் செய்தி ஒன்றைப் பற்றிக் கதையுங்கள். அவள் சொன்னதை மறுத்துக் கதையுங்கள், கோபப்படாமல் பதில் சொல்கிறாளா என்று பாருங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

மொழியைப் பற்றியும் வெட்கப்படாமல் கேளுங்கள். மிஸ் யூனிவர்ஸ் மேடையிலேயே மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாய்மொழியில் பதில் சொல்கிறார்கள், அது அங்கே ஒரு குறையே இல்லை. அப்படியிருக்க இலங்கையின் அழகுராணியைத் தெரிவு செய்கிற அறையில் தமிழில் பதில் சொல்ல ஏன் ஏலாது? தமிழில் நேர்முகம் கொடுக்கலாமா, மொழிபெயர்ப்பவர் யார், அவர் நடுவர் குழுவுக்கு வெளியில் உள்ளவரா என்று முதலே எழுதிக் கேட்க வேண்டும். அன்றைக்குப் போய்க் கேட்டால் "கொஞ்சம் இங்கிலீஷில் சமாளியுங்கோ" என்றுதான் சொல்வார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் சொன்ன பதிலுக்குப் பிள்ளையின் அறிவையே அரைகுறையாகக் கணிப்பது அநியாயம், ஆனாலும் நடக்கிறது.

இனிப் புள்ளி. நடுவரின் தாளில் பிள்ளையின் பெயர் இருப்பதில்லை, இலக்கம்தான். ஒழுங்காக நடக்கிற போட்டியில் ஒவ்வொரு சுற்றும் முடிந்த கையோடு தாளை வாங்கிவிடுவோம், பின்னால் வருகிறவளைப் பார்த்துவிட்டு முன்னால் போனவளுக்கு மாற்றி எழுத முடியாது. வெட்டித் திருத்தினால் பக்கத்தில் நடுவர் கையொப்பம் வைக்க வேண்டும். இவ்வளவும் சரியாக நடந்தாலும், கூட்டுகிற முறையை மாற்றினால் வெற்றியாளரே மாறிவிடுவார், இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. கணக்கைப் பாருங்கள். ஐந்து நடுவர்கள், ஒருவரிடம் பத்துப் புள்ளி. 7ஆம் இலக்கப் பிள்ளைக்கு நான்கு பேர் 9 போடுகிறார்கள், ஐந்தாமவருக்குப் பிடிக்கவில்லை, 4 போடுகிறார், மொத்தம் 40. 12ஆம் இலக்கப் பிள்ளைக்கு ஐவரும் 8.2, மொத்தம் 41. நான்கு நடுவர்கள் 7ஐத்தான் மேலாக நினைத்தார்கள், கிரீடம் 12க்குப் போகிறது. இதே தாள்களில் ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் வெட்டிவிட்டு மிச்ச மூன்றைக் கூட்டினால் 7க்கு 27, 12க்கு 24.6. புள்ளிக்குப் பதிலாக முதலாவது, இரண்டாவது என்று நிலை எழுதச் சொன்னால் 7க்கு மொத்தம் 6, 12க்கு 9, இங்கே குறைந்த மொத்தம்தான் வெற்றி, ஆக மறுபடியும் 7. யாரும் களவு செய்யவில்லை, யாரும் காசு வாங்கவில்லை, இரண்டு விடை வருகிறது. அதனால்தான் எந்த முறையில் கூட்டுவார்கள் என்பதைப் போட்டி தொடங்க முன்னமே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கிறேன். முடிவு வந்த பிறகு முறையைச் சொன்னால் அது நியாயமான முறையாகவே இருந்தாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று, முன்சுற்றுப் புள்ளி கடைசிவரை கூட வருமா, இல்லை இறுதி ஐவர் வந்ததும் எல்லாருக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்குமா என்பது. பூச்சியமாக்குகிற போட்டியில் அதுவரை முன்னுக்கு நின்றவளும் கடைசிக் கேள்வியில் ஒரு தடுமாற்றத்தோடு மூன்றாவதாகிவிடுவாள். கடைசிக் கேள்வியின் பலத்துக்கு 1994ஆம் ஆண்டு ஃபெமினா மிஸ் இந்தியாவைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஐஸ்வர்யா ராயும் சுஷ்மிதா சென்னும் சரிசமமாக நின்றார்கள், பிறகு ஆளுக்கு ஒரு கேள்வி. நாட்டின் நெசவு மரபைப் பற்றிக் கேட்டபோது சுஷ்மிதா காந்தியின் கதரிலிருந்து தொடங்கிப் பதில் சொன்னார், அவருக்குக் கிரீடம் போனது. அந்த வருடமே ஒருவர் மிஸ் யூனிவர்ஸ், மற்றவர் மிஸ் வேர்ல்ட் ஆனார்கள் என்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் இருவரையும் அந்த வாசல்வரை கொண்டுவந்தது முந்திய சுற்றுகள்தான், இதையும் மறக்கக்கூடாது.

கூட்டினது சரியாக இருந்தும் மேடையில் குழம்பின கதைகள் உண்டு. 2015 டிசம்பரில் மிஸ் யூனிவர்ஸ் மேடையில் தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி கொலம்பியாவின் பெயரை வாசித்துக் கிரீடமும் வைத்தாகிவிட்டது, பிறகுதான் பிலிப்பைன்ஸின் பியா வுர்ட்ஸ்பாக் என்று திருத்தினார். அங்கே நடுவர்களில் பிழையே இல்லை, அட்டையை வாசித்ததில்தான் பிழை. எங்கள் நாட்டில் 2021 ஏப்ரல் 4ஆம் திகதி நெலும் பொக்குண அரங்கில் நடந்தது அதைவிட மோசம். திருமதி ஸ்ரீ லங்காவாகப் புஷ்பிகா டி சில்வாவுக்கு முடி சூட்டினார்கள். முந்திய வெற்றியாளரும் அப்போதைய மிஸிஸ் வேர்ல்டுமான கரோலைன் ஜூரி, விவாகரத்தானவர்கள் வெல்ல முடியாது என்ற விதி இருக்கிறது என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு, அதே மேடையில் அந்தக் கிரீடத்தைக் கழற்றி இரண்டாம் இடத்தவருக்கு வைத்தார். புஷ்பிகாவுக்குத் தலையில் காயம். அவர் பிரிந்து வாழ்ந்தவர், விவாகரத்தானவர் இல்லை. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டுக் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், கரோலைன் கைதாகிப் பிணையில் வந்தார், பின்னர் உலகப் பட்டத்தையும் விட்டார். எனக்கு இதில் இன்றைக்கும் ஆறாத விடயம், ஒரு பெண்ணின் தகுதியைச் சரிபார்க்க வேண்டியது விண்ணப்பம் வந்த அன்றைக்கு, மேசையில், ஆவணத்தை வைத்துக்கொண்டு. ஆயிரம் கண்ணுக்கு முன்னால், தலையில் முடி வைத்த பிறகு இல்லை. உங்கள் மகளின் அடையாள அட்டை, வயது, திருமணமாகாதவர் என்ற உறுதிமொழி என்று எதைக் கேட்டாலும் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, "முதலே முடிவு செய்த விடயம்" என்ற சந்தேகத்துக்கு வருவோம். அப்படி எங்குமே இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் ஏலாது. 2025இல் தாய்லாந்தில் நடந்த மிஸ் யூனிவர்ஸில், இறுதிக்குச் சில நாளுக்கு முன்னர், நடுவராக இருந்த ஒமர் ஹர்ஃபூஷ் என்ற இசையமைப்பாளர், இறுதிச் சுற்றுக்கான முப்பது பேரையும் தங்களுக்குத் தெரியாமல் வேறொரு குழு தெரிவு செய்துவிட்டது என்று சொல்லி விலகினார். நிறுவனம் அதை மறுத்தது. உலக மட்டத்திலேயே இந்தப் பேச்சு எழும்போது எங்கள் நாட்டில் மட்டும் எழாது என்று இருக்க முடியாது. என் அனுபவத்தில் நடுவரின் புள்ளியை மாற்றுவது அபூர்வம், சாய்வு வருவது அதற்கு முதல். யாரை இருபதுக்குள் எடுப்பது, யாருக்கு நல்ல போட்டோகிராபரைக் கொடுப்பது, யாரை அனுசரணையாளரின் விளம்பரத்தில் முன்னால் நிறுத்துவது என்பதெல்லாம் தேசிய இயக்குநரின் கையில். ஒரு முகத்தைப் பத்துத் தரம் விளம்பரத்தில் பார்த்துவிட்டு வருகிற நடுவரின் கை தானாகவே கொஞ்சம் தாராளமாகும்.

காசு நேரடியாக நுழையும் வழி ஒன்று இருக்கிறது, அது ஒளிவுமறைவில்லாத வழி: இணைய வாக்கு. சில போட்டிகளில் ஒரு வாக்குக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்கிறார்கள். எங்கள் ஆட்கள் விழுவது இதில்தான். கனடாவில் மாமா, லண்டனில் சித்தி, சுவிஸில் பெரியப்பா என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் செய்தி போகும், எல்லாரும் ஊர்ப் பாசத்தில் அள்ளிப் போடுவார்கள். வழக்கமாக அந்த வாக்கினால் கிடைப்பது "மக்கள் விருப்பம்" என்ற ஒரு பட்டம், அல்லது அரையிறுதியில் ஓர் இடம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடுவர்தான். வாக்கு எதைத் தரும் என்று விதியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் மாமாவிடம் ஒரு டொலர்கூடக் கேட்காதீர்கள்.

தோற்றத்தைப் பற்றி வீட்டில் பயம் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நீச்சலுடைச் சுற்று வேண்டாம் என்று மிஸ் வேர்ல்ட் 2014இலேயே அறிவித்துவிட்டது. மிஸ் யூனிவர்ஸில் இருக்கிறது, ஆனால் 2023இல் பாகிஸ்தானின் எரிக்கா ரொபின் உடலை மூடின உடையில் அந்தச் சுற்றில் நடந்து முதல் இருபதுக்குள் வந்தார். அதே வருடம் நேபாளத்தின் ஜேன் தீபிகா காரெட், மெலிந்த உடம்பு இல்லாதவர், அவரும் இருபதுக்குள். 2019இல் தென்னாபிரிக்காவின் ஸொசிபினி துன்ஸி கட்டையாக வெட்டின தன் சுருள் முடியோடேயே மிஸ் யூனிவர்ஸ் ஆனார். எங்கள் ஊரில் மணப்பெண் அலங்காரம் என்றால் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்குவது என்று ஆகிவிட்டது, தயவுசெய்து அந்த மேக்கப்போடு நேர்முகத்துக்கு அனுப்பாதீர்கள். பக்கத்தில் இருந்து பார்க்கிற நடுவருக்குக் கழுத்தும் முகமும் வேறு வேறு நிறமாகத் தெரியும். இன்னொரு வீண்செலவு தேசிய உடை. மிஸ் யூனிவர்ஸில் அதற்குத் தனிப் பரிசு, கிரீடத்துக்கான புள்ளியில் அது சேராது. உங்கள் போட்டியில் எப்படி என்று கேட்காமல் கஸ்தூரியார் வீதியில் நகைக்கு ஓடவேண்டாம்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கையில் இருக்கிற பலம் வேறு. மிஸ் வேர்ல்டில் சமூகப் பணிக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது, அதில் முன்னுக்கு வருகிறவர் அடுத்த கட்டத்துக்குப் போக வழி கிடைக்கும், அதனால் அங்கே அனுப்புகிற தேசியப் போட்டிகளும் அதைக் கேட்கும். இதற்காகப் புதிதாக ஒன்றைச் சோடித்துப் போட்டோ எடுக்கிறார்கள், இரண்டு கேள்வியில் பிடிபட்டுவிடும். வடக்கில் கிணற்று நீர் உப்பாகிற பிரச்சினை இருக்கிறது, தனியே குடும்பத்தைத் தாங்குகிற பெண்கள் இருக்கிறார்கள், கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் இதில் ஏதாவது ஒன்றில் சின்ன அளவிலாவது உண்மையாகக் கை வைத்திருந்தால் அதையே சொல்லட்டும். வேறு மாவட்டத்துப் பிள்ளை இணையத்தில் தேடிச் சொல்கிறதை இவள் பெயர் தெரிந்த ஒரு பக்கத்து வீட்டு அக்காவை வைத்துச் சொல்வாள்.

தூரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தியாவில் 2017 முதல் ஃபெமினா மிஸ் இந்தியாவில் மாநிலத்துக்கு ஒருவர் என்று எடுத்தார்கள், அடுத்த வருடமே திருச்சிப் பிள்ளை அனுக்ரீத்தி வாஸ் தமிழ்நாட்டின் பெயரில் போய் வென்றார். மாகாணத்துக்கு ஓர் இடம் என்று இல்லாத போட்டியில் கொழும்புப் பிள்ளை ஒவ்வொரு பயிற்சிக்கும் வீட்டிலிருந்து வருவாள். எங்கள் பிள்ளை இரவு பஸ் எடுத்து, விடிய இறங்கி, யாராவது சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவிவிட்டு அதே மேடையில் நடக்க வேண்டும். முடிந்தால் முக்கியமான நாட்களுக்கு முதல் நாளே போய்த் தங்க வையுங்கள், உடுப்பில் மிச்சம் பிடித்தாவது.

கடைசியாக ஒப்பந்தம். வென்றால் ஒரு வருடம் அவளுடைய நேரம், படம், விளம்பர வருமானம் யாருக்குச் சொந்தம், பட்டத்தை எந்தக் காரணத்துக்குப் பறிக்கலாம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த வடக்குப் பிள்ளை ஒருத்திக்கு ஒரு போட்டியில் ஒத்திகை முடிந்து களைத்துப்போன இரவில் ஆங்கிலத்தில் பத்துப் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட நீட்டி, காலையில் கையொப்பத்தோடு தா என்றார்கள். அவள் வைத்துவிட்டாள், பிறகு அந்த வருடம் முழுக்க இன்னொரு வேலையும் எடுக்க முடியாமல் இருந்தாள். பிரதியை முதலே வாங்கி உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். பயிற்சிக் காலத்தில் நீங்களோ வேறு பெரியவரோ கூடத் தங்கலாமா என்றும் கேளுங்கள். அனுசரணையாளரைத் தனியே சந்திக்க வா என்று எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது என்று மகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதனால் போகிற கிரீடம் போகட்டும்.

கட்டணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள், தனியாளின் கணக்கு இலக்கம் தந்தால் வேண்டாம். புள்ளித் திட்டம், கூட்டும் முறை, மொழி, ஒப்பந்தப் பிரதி, இந்த நான்கையும் கேட்டு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால் பதில் வரும்வரை கட்டாதீர்கள். பதில் வந்துவிட்டால் மகளை ஒரு பின்னேரம் என்னிடம் வரச் சொல்லுங்கள், உடுப்பு, சப்பாத்து ஒன்றும் தேவையில்லை, அனுப்பின விண்ணப்பப் படிவத்தின் பிரதியை மட்டும் கொண்டுவரட்டும், அதிலிருந்துதான் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்.